உள்பக்கம் குத்திய ஊக்கு

நீங்கள் கடைசியாக ஒரு ஊக்கைத் தொலைத்தது எப்போது? ஞாபகம் இருக்காது. துப்பட்டாவிலிருந்து விழும், பையின் அறுந்த வாரிலிருந்து விழும், இன்னொன்றை எடுத்துக் குத்திக்கொண்டு போய்க்கொண்டே இருப்போம். நான் தொலைத்த ஒன்று மட்டும் எனக்குக் கிழமையோடு ஞாபகம் இருக்கிறது. வியாழக்கிழமை. மதியம் ஒன்றே முக்காலுக்கும் மூன்று மணிக்கும் நடுவில்.

இன்று காலை, நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கும் யமுனா எங்கள் ஷெட்டின் வாட்ஸப் குரூப்பில் ஒரு போட்டோ போட்டாள். வருடாந்திர சர்வீஸுக்கு வந்திருக்கும் ஒரு லைஃப் ராஃப்ட்டின் பதிவேட்டில் நான்கு வருடத்துக்கு முந்தைய பக்கம். என் கையெழுத்து. அதற்குக் கீழே தணிகாசலம் சாரின் தடித்த மார்க்கர் எழுத்தில் ஒரே வரி: ‘வெளியே வர முடிகிறது. உள்ளே போக முடியவில்லை.’ யமுனா கேட்டிருந்தாள்: “இன்னாக்கா இது, டெஸ்ட் ரிசல்ட்டா, பேய்க் கதையா?” என்னோடு வேலை பார்த்த சதீஷ் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டு, ஒரு நிமிடத்தில் அதை அழித்துவிட்டான்.

சரி, நானே சொல்கிறேன். என் பெயர் பிரிசில்லா. பி.இ. மெக்கானிக்கல். வயது இருபத்தொன்பது, ரிட்டயர்ட் என்று குரூப்பில் என்னைக் கலாய்ப்பார்கள். இருபத்தாறில் ரிட்டயர்மென்ட் எந்த கவர்ன்மென்ட்டிலும் கிடையாது, எனக்குக் கிடைத்தது. இப்போது திருவள்ளூரில் ஒரு ஸ்கூட்டர் ஷோரூமில் சர்வீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஷோரூமில் யாரும் வண்டிக்குள் படுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்வதில்லை.

ராஃப்ட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: கப்பலிலும் படகிலும் பெரிய வெள்ளை டப்பா ஒன்று கட்டியிருக்கும். உள்ளே ரப்பர் துணியை மடித்து வைத்திருக்கும். ஆபத்து வந்தால் டப்பாவைக் கடலில் தள்ளிக் கயிற்றை இழுக்க வேண்டும். அரை நிமிடத்தில் ஊதிப் பெருத்து, மேலே ஆரஞ்சுக் கூடாரத்தோடு மிதக்கும். நான்கு பேர் உட்காரலாம். வருடத்துக்கு ஒருமுறை அதைப் பிரித்து, ஊதி, சோதித்து, மறுபடி மடித்து அடைக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரண்டு இரும்பு உருக்கும் கம்பெனிகளுக்கு நடுவில் இருக்கும் எங்கள் ஷெட்டில் அதுதான் வேலை. என் அப்பா அந்த இரண்டு கம்பெனியில் ஒன்றில்தான் ஃபர்னஸ் ஆள். காலையில் ஒரே ஷேர் ஆட்டோவில் போவோம்.

பயிற்சி ஆறு மாதம். பசை தடவக் கற்றேன், காற்று நிரப்பக் கற்றேன், மடிக்கக் கற்றேன். மடிப்புதான் கஷ்டம். ஒரு மடிப்பு தவறினால் நாலு பேரைத் தாங்குகிற துணி டப்பாவுக்குள் போகாது. காலாவதியான எமர்ஜென்சி பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்னவும் கற்றேன். அது ஷெட்டின் நாஷ்டா. சிமென்ட் மாதிரி இருக்கும், சத்து ஜாஸ்தி.

இரண்டு விஷயம் மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, வாசலில் இருந்த நீல பிளாஸ்டிக் டப்பா. உள்ளே வரும்போது மோதிரம், கம்மல், வளையல், சாவி, பேனா, செல்போன் எல்லாம் அதில் போட வேண்டும். கூரானது எதுவும் ரப்பர் பக்கம் வரக்கூடாது. ஒரு சின்ன ஆணி காணாமல் போனாலும், அன்றைக்கு அடைத்த எல்லா ராஃப்ட்டையும் பிரித்துப் பார்ப்பார்கள். பிரித்தால் ஒரு முழு நாள் போச்சு. சட்டையில் பட்டனுக்குப் பதில் ஊக்கு குத்திக்கொண்டு வந்த ஒருவரை அன்றே வீட்டுக்கு அனுப்பியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, காது டெஸ்ட். ராஃப்ட்டை முழுசாக ஊதி ஒரு மணி நேரம் விடுவோம். மீட்டர் முள் இறங்கினால் ஓட்டை. எந்த இடத்தில் ஓட்டை என்று முள் சொல்லாது. அதனால் சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போடப்போகிற ஆள் அந்த ஒரு மணி நேரமும் கூடார வாசலின் ஜிப்பை மூடிக்கொண்டு உள்ளே படுத்துக் காதைத் தீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இது தணிகாசலம் சாரின் சட்டம், வேறு எந்த ஷெட்டிலும் கிடையாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கிற டெஸ்ட் என்பதால் எல்லோரும் தூங்கினோம். உள்ளே எல்லாமே ஆரஞ்சாக இருக்கும். கையைத் தூக்கினால் கையும் ஆரஞ்சு. ரப்பர் சூடேறும்போது சுற்றிலும் யாரோ மெதுவாகப் புரண்டு படுப்பது மாதிரி ஒரு சத்தம் வரும். முதல் தடவை பயமாக இருக்கும். பத்தாவது தடவை அதுவே தாலாட்டு.

தணிகாசலம் சார் எங்கள் சூப்பர்வைசர். திருப்பாச்சூர்க்காரர், ஊரில் இரண்டு போகம் நெல் விளைகிற நிலம் உண்டு. காலையில் மடைக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வந்த ஈரம் பேன்ட் காலில் இருக்கும். குரல் உயராது. ஒரு கேள்வியை இரண்டு தடவை கேட்க மாட்டார். எமர்ஜென்சிப் பையை அடுக்கும்போது எதிரில் நிற்பார். “ஸ்பாஞ்சு ரெண்டு” என்பார். நாம் பொருளைத் தூக்கிக் காட்டி “ஸ்பாஞ்சு ரெண்டு” என்று திருப்பிச் சொல்ல வேண்டும். “டார்ச்சு ஒண்ணு.” “டார்ச்சு ஒண்ணு.” கடைசிப் பொருள் வரைக்கும் இப்படித்தான். சதீஷ் இதை ஞாயிற்றுக்கிழமை பூசை என்பான். எனக்குச் சர்ச் ஞாபகம்தான் வரும்.

அந்த வியாழன் வந்தது பாய்மரப் படகு ஒன்றின் ராஃப்ட். சனிக்கிழமை காலை சென்னையிலிருந்து விசாகப்பட்டினத்துக்குப் படகுப் போட்டி, எட்டுப் படகு. மற்ற படகுக்காரர்கள் டிரைவரை அனுப்பினார்கள். இந்தப் படகிலிருந்து ஆளே வந்தாள். ஹேமா. என் வயது, என் உயரம். ஏதோ பணக்கார வீட்டுப் பெண் காரில் இறங்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தால், திருநின்றவூரிலிருந்து ட்ரெயின் பிடித்து, பேசின் பிரிட்ஜில் மாறி வந்து இறங்கினாள். அண்ணா நகரில் ஏதோ ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் வேலையாம். காலேஜ் என்.சி.சி.யில் பாய்மரம் கற்று, சனி ஞாயிறு கடலுக்குப் போவாளாம். நாலு பேர் படகில் திசை பார்ப்பது இவள் வேலை.

மேடம் என்றேன். “மேடம்லாம் இன்னாத்துக்கு, ஹேமான்னு கூப்புடு” என்றாள். பை அடுக்குகிற பூசையை முழுக்க நின்று பார்த்தாள். பிறகு உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டாள். இருவரும் ஏறி உட்கார்ந்தோம். முட்டி முட்டியோடு இடித்தது. அவள் வாசல் ஜிப்பை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தாள்.

“தண்ணில வுழுந்துட்டா வெளியேருந்து இத தொறக்க முடியுமா?”

“ரெண்டு பக்கமும் இழுவை கீது. கண்ண மூடிக்கினு தொறக்கலாம்” என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு வெளியே இறங்கி, நிஜமாகவே கண் மூடியபடி திறந்து உள்ளே வந்தாள். சிரித்தாள். மூன்று தடவை செய்தாள். பிறகு ட்ரெயினுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டாள்.

நான் சாப்பிட்டுவிட்டு ஒன்றே முக்காலுக்கு உள்ளே போனேன், தூங்கினேன், கால் மணி கூடவே தூங்கி மூன்றுக்கு வந்தேன். முள் அசையவில்லை. காற்றை இறக்கி, பவுடர் போட்டு, நானும் சதீஷும் மடித்து நாலரைக்குள் அடைத்துவிட்டோம். ஐந்துக்கு வண்டி.

உடை மாற்றப் போனபோது என் ஓவரால் கழுத்திலிருந்து வயிறு வரை திறந்து கிடந்தது. உள்ளே டி-சர்ட் போட்டிருந்ததால் வேலை நேரத்தில் கவனிக்கவில்லை. அதன் ஜிப் மூன்று வாரத்துக்கு முன்பே போய்விட்டது. ஸ்டோரில் புதிது தரவில்லை. பஸ் ஸ்டாண்டு ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய பெரிய ஊக்கு ஒன்றை, நீலத் தொப்பி வைத்தது, உள்பக்கமாகக் குத்தி மறைத்துக்கொண்டு வந்திருந்தேன். டப்பாவில் போடவில்லை. போட்டால் ஓவரால் நிற்காது. அந்த ஊக்கு இல்லை.

வாசலில் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. கையைக் காட்டி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஒரு நாள் போகும், போட்டிக்கு அந்தப் படகு போகாது, என் வேலையும் போகும். பாத்ரூமில் விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். ஷேர் ஆட்டோவில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தபோதும் அதையே சொல்லிக்கொண்டேன். மறுநாள் புது ஊக்கு குத்திக்கொண்டு போனேன்.

கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு இருந்தது. கிழக்கே விலகிவிடும் என்றார்கள். விலகியது. ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தது. எங்கள் தெருவில் தகரக் கூரை பறந்தது. கரண்ட் போய், உருக்கு கம்பெனிகளை நிறுத்திவிட்டார்கள். நான் பிறந்ததிலிருந்து இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அப்பா எழுந்து உட்கார்ந்து, “இன்னாது, சத்தமே காணோம்?” என்றார். காற்றின் சத்தம் காது கிழிய அடிக்கும்போது அப்படிக் கேட்டார். எனக்குப் புரிந்தது.

ஐந்து படகுகள் கிருஷ்ணப்பட்டினம் பக்கம் ஒதுங்கித் தப்பின. இரண்டு படகுகள் ஆட்களோடு மூழ்கிப்போயின. ஹேமாவின் படகு மூழ்கவே இல்லை. நான்காம் நாள் ஆந்திரா பக்கம் மிதந்துகொண்டிருந்ததைப் பார்த்தார்கள். பாய்மரம் முறிந்திருந்தது. கேபினுக்குள் ஃபிளாஸ்க் நிமிர்ந்து நின்றதாம், உள்ளே டீ இருந்ததாம். ஆள் யாரும் இல்லை. புயலின் உச்சத்தில் படகு போய்விடும் என்று நினைத்து நான்கு பேரும் ராஃப்ட்டுக்கு மாறியிருக்கிறார்கள். ஆண்கள் மூன்று பேரின் உடல்கள் லைஃப் ஜாக்கெட்டோடு பழவேற்காட்டுக்கு வடக்கே வேறுவேறு இடத்தில் கரை ஒதுங்கின. ராஃப்ட்டை காட்டுப்பள்ளிக்கு நேரே மீனவர்கள் பார்த்து இழுத்து வந்தார்கள். காலி. ஹேமா கிடைக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க என் ஊக்கு ரப்பரைக் குத்தி, காற்று இறங்கி, நான்கு பேரும் மெதுவாகத் தண்ணீருக்குள் போவது கண்ணை மூடினால் ஆரஞ்சு வெளிச்சத்தில் தெரிந்தது.

எட்டாம் நாள் ராஃப்ட் எங்கள் ஷெட்டுக்கே வந்தது. கரையில் காற்றை இறக்கி, உருட்டி, சீல் வைத்து அனுப்பியிருந்தார்கள். விசாரணை அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்து வீடியோ எடுத்தார். சீலை உடைத்து வெளி வால்வில் காற்றை விட்டோம். அது மெல்ல நெளிந்து, முதுகை நிமிர்த்தி எழுந்தது. எத்தனையோ ராஃப்ட் எழுவதைப் பார்த்தவள், ஒரு அடி பின்னால் போனேன்.

வாசல் ஜிப் நடுவில் கிழிந்திருந்தது. கிழிசல் மேலிருந்து பாதி வரை இழுத்துச் சேர்க்கப்பட்டிருந்தது. எதால் என்று வெளியிலிருந்து தெரியவில்லை. துணியில் இரண்டு இடத்தில் மட்டும் கம்பி மினுக்கியது. மேலே எட்டிப்பார்க்கும் ஓட்டை ஒன்று உண்டு, தலை நுழையும், தோள் நுழையாது. சார் அதில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நகர்ந்து, என்னைப் பார் என்று கை காட்டினார்.

உள்ளே தரை துடைத்தது மாதிரி இருந்தது. ஸ்பாஞ்சு பிழிந்து அதன் வாரில் செருகியிருந்தது. ஆறு தண்ணீர்ப் பாக்கெட்டுகள் மூலையைக் கிழித்து, குடித்து, பீடி மாதிரி சுருட்டி, கூடாரத்தின் உள்பாக்கெட்டில் வரிசையாகச் செருகப்பட்டிருந்தன. பையில் மீதி எல்லாம் நாங்கள் அடுக்கிய அதே வரிசையில் இருந்தது. அந்த வரிசையைப் பார்த்தது ஒரே ஒரு வெளியாள்தான். வாசலில், உள்பக்கமாக, நீலத் தொப்பியோடு என் ஊக்கு பூட்டியிருந்தது.

அதிகாரி முன்னால் ஒரு மணி நேர டெஸ்ட் வைத்தோம். முதல் தடவையாக உள்ளே யாரும் இல்லாமல். முள் அசையவில்லை. ஓட்டை இல்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்போது அந்தச் சத்தம் வந்தது, உள்ளே யாரோ புரண்டு படுப்பது மாதிரி. ரப்பர் சூடேறும் சத்தம்தான், எங்கள் எல்லோருக்கும் தெரியும். சதீஷ் போய் ஃபேனைப் போட்டான்.

அலை அடித்து வெளியே தள்ளியிருக்கும் என்றார் அதிகாரி. இல்லை என்று சார் தலையை ஆட்டினார்.

“மொத தபா கவுந்தப்ப மூணு பேர் போய்ட்டாங்க சார். இந்தப் பொண்ணு திரும்பி ஏறிக்கீது. ரெண்டு நாளாவது உள்ள இருந்துக்கீது. ஸ்பாஞ்சு பிழிஞ்சி வச்சிக்கீது பாருங்க. இது காத்து நின்னப்புறம் தானா வெளிய போனது.”

ஏன் போனாள் என்பதற்கும் அவரே அடியில் குனிந்து கயிற்றைக் காட்டினார். கடல் நங்கூரம் என்று ஒன்று உண்டு. சின்ன பாராசூட் மாதிரி துணி, தண்ணீருக்குள் இழுபட்டு ராஃப்ட் மறுபடி கவிழாமல் பிடிக்கும். அதன் கயிறு அடியில் சிக்கி, பாதி விடுவிக்கப்பட்டிருந்தது. சிக்கினால் எடுத்துவிடவும் என்று நாங்கள் வைக்கும் அட்டையிலேயே போட்டிருக்கிறது. ராஃப்ட்டின் கத்தி, படகுக் கயிற்றை அறுத்த அன்றே போயிருக்க வேண்டும். உறை மட்டும் தொங்கியது.

“இத அவுக்காம எப்டி போச்சி?” என்றார் சார், ஊக்கைக் காட்டி. அது உப்பில் துருவேறி இறுகியிருந்தது. விரலால் திறக்க முடியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ அந்தப் பொண்ணு சைஸு. உள்ள போ.”

சதீஷ் துணியின் கீழ்ப்பாதியைத் தூக்கிப் பிடிக்க, நான் தவழ்ந்து உள்ளே போனேன். ஊக்குக்குக் கீழே துணி தொளதொளவென்று இருந்தது. உள்ளிருந்து தள்ளி, காலை முதலில் விட்டு வழுக்கினேன். சுலபமாக வெளியே வந்துவிட்டேன். சார் எழுதிக்கொண்டார்.

பிறகு ராஃப்ட்டை மரப்பலகைகள் மேல் ஏற்றச் சொன்னார். எனக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டினார். லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்யும் சக்கரப் பலகை ஒன்றைப் பக்கத்துக் கம்பெனியிலிருந்து வாங்கிவரச் சொல்லி, அதன் மேல் என்னைக் குப்புறப் படுக்கவைத்தார். கால் தரையில் படக்கூடாது. தண்ணீரில் இருப்பவளுக்குத் தரை கிடையாது.

“ஏறு.”

வாசல் வாரைப் பிடித்து இழுத்தேன். சக்கரம் உருண்டு, என் கால் ராஃப்ட்டின் அடிக்குள் போனது. என் எடை கூடாரத் துணியைக் கீழே இழுத்தது. தொளதொளவென்று இருந்த துணி விறைத்து, ரப்பர் குழாயோடு ஒட்டிக்கொண்டது. விரல் நுழைந்தது, கை நுழைந்தது, ஜாக்கெட் போட்ட மார்பு நுழையவில்லை. மறுபடி. மறுபடி. நாலாவது தடவை என் முகம் துணிமேல் அப்பியிருந்தது. கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் அந்த இரண்டு கம்பி மினுக்கு. பூட்டு அந்தப் பக்கம் இருந்தது. இழுக்க இழுக்க இறுகியது.

கண்ணை மூடிக்கொண்டு திறக்கலாம் என்று அவளிடம் சொன்னது நான்தான்.

“போதும்மா, எறங்கு” என்றார் சார். மார்க்கர் மூடியைத் திறந்து, யமுனா போட்டோ எடுத்து அனுப்பிய அந்த வரியை எழுதினார்.

அதிகாரி ஊக்கைக் காட்டி, இதுவும் உங்கள் எமர்ஜென்சிப் பையில் வருகிற பொருளா என்று கேட்டார். சார் மார்க்கரை மூடாமல் நின்றார். சதீஷ் தரையைப் பார்த்தான். அந்தப் பெண் எங்கிருந்தோ கொண்டுவந்திருப்பாள் என்று நான் சொன்னால் அது அப்படியே முடிந்துவிடும். வாய் வரைக்கும் வந்தது.

“என்னுது சார்” என்றேன்.

அதிகாரி என்னைப் பார்த்தார். சார் பார்க்கவில்லை.

“தெரியும்மா. உன் ஜிப்பு போயி மூணு வாரம் ஆவுது. ஸ்டோருக்கு எழுதிக் குடுத்தேன், வரல. நீ அத குத்திக்கினு உள்ள போனத பாத்தேன். ஒரு நாளு தானேன்னு வுட்டுட்டேன்.” பிறகு அதிகாரியிடம் சொன்னார்: “ரெண்டு பேரு பேரும் எழுதிக்குங்க சார்.”

அறிக்கை வந்தது. ராஃப்ட்டில் குறை இல்லை. ஊக்கைப் பற்றி ஒரு வரி. அது இல்லாவிட்டால் வாசல் மூடாமல் முதல் நாளே அவள் போயிருக்கலாம், இருந்ததால் திரும்ப ஏற முடியாமல் போயிருக்கலாம், தீர்மானிக்க முடியவில்லை என்று. எனக்கும் சாருக்கும் எச்சரிக்கைக் கடிதம். அடுத்த வாரமே எல்லோருக்கும் புது ஓவரால் வந்தது. ஸ்டோரில் முன்பே இருந்ததாம்.

நான் இன்னும் நாலு மாதம் வேலை பார்த்தேன். காது டெஸ்டில் ஜிப்பை முழுக்க மூடமாட்டேன். ஒரு கை நுழைகிற அளவு விட்டு, கையை வெளியே தொங்கப்போட்டுப் படுப்பேன். ஒருநாள் சதீஷ் விளையாட்டாக என் கையை உள்ளே தள்ளி, ஜிப்பை வெளியிலிருந்து இழுத்து மூடினான். “தூங்கு தாயி” என்றான். நான் கத்தவில்லை. உள் இழுவையைப் பிடித்து இழுத்தேன், உடனே திறந்தது. இறங்கினேன். நீல டப்பாவிலிருந்து என் கம்மலையும் ஃபோனையும் எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போனேன். அவ்வளவுதான் என் ரிட்டயர்மென்ட். சதீஷ் பாவம், அவனுக்கு இன்றுவரை காரணம் முழுசாகத் தெரியாது. இதைப் படித்தால் தெரியும்.

ஃபைல் மூடியதும் அந்த ராஃப்ட்டை விற்றுவிட்டார்கள். புது ஜிப் தைத்தார்கள். டெஸ்டில் பாஸான பொருள், தூக்கிப்போட யாருக்கும் காரணம் இல்லை. இப்போது வேறொரு படகுடையது. அதுதான் யமுனா கையில் வந்திருக்கிறது. சார் திருப்பாச்சூருக்கே போய்விட்டாலும், அவருடைய காது டெஸ்ட் சட்டத்தை ஷெட்டில் யாரும் எடுக்கவில்லை.

இதை எழுதிவிட்டு குரூப்பில் மேலே நகர்த்திப் பார்த்தேன். மூன்று நாளைக்கு முன் யமுனா ஸ்டோரைத் திட்டிப் போட்ட மெசேஜ் ஒன்று இருக்கிறது. அப்போது நான் கவனிக்கவில்லை. ஓவரால் ஜிப் போய் ஒரு மாதமாகிறதாம், பேஜாராக இருக்கிறதாம், எப்போதுதான் தருவீர்கள் என்று கேட்டிருக்கிறாள்.

உன் ஓவராலை எதால் மூடியிருக்கிறாய் என்று கேட்டு மெசேஜ் அனுப்பினேன். கூப்பிட்டும் பார்த்தேன். ரிங் போகிறது. சதீஷும் எடுக்கவில்லை. ஷெட் நம்பரும் அடித்து ஓய்ந்துவிட்டது.

மணி இரண்டு பத்து, காது டெஸ்ட் நேரம். அவள் ஃபோன் நீல டப்பாவில் கிடக்கிறது. மெசேஜ் போய்ச் சேர்ந்திருக்கிறது, இன்னும் பார்க்கவில்லை.